படிப்பு நேரில், வேலை தொலைவில்

ரெட்டியார்பாளையத்திலோ மூலக்குளத்திலோ நாற்பதை நெருங்கும் ஒரு பெண் முதுகலை படிக்க பிரான்சுக்குப் புறப்படுகிறாள் என்றால், இன்று தெருவில் இரண்டு கேள்விகள்தான் வரும். "பிள்ளைங்கள யார் பாத்துக்குவா?" என்பது ஒன்று. "வேலைய விட்டுட்டாளா?" என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு அவள் அம்மாவிடம் பதில் தயாராக இருக்கும்: "லேப்டாப்போட போறா. வேலையும் கூடவே போகுது." இந்தப் பதில் எவ்வளவு புதிது என்பதை, இந்த ஊர்கள் அடங்கிய புதுச்சேரி உழவர்கரையின் பழைய கதை தெரிந்தவர்கள் உணர்வார்கள்.

கடல் கடப்பது இந்தப் பக்கத்தில் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் சைகோனுக்கு உத்தியோகத்துக்குப் போனவர்கள் உண்டு, பட்டாளத்துக்குப் போய்ப் பென்ஷனோடு திரும்பி 'சொல்தா' என்று பெயரெடுத்தவர்கள் உண்டு. படிப்புக்காகப் போனவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய வசதியான வீட்டுப் பையன்கள். கரையிலிருந்து சலங்குப் படகில் ஏறி, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலைப் பிடித்து, சூயஸ் வழியாக மார்செய் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பையன்களுக்கு இருபது வயதுதான் இருக்கும். குடும்பம் ஆனவர்கள் கப்பலேறினால் அது சம்பாதிக்கத்தான். நாற்பது வயதில் மாணவனாகப் போவது என்கிற எண்ணமே அன்று எவருக்கும் எழுந்திருக்காது.

தமிழுலகில் அதற்கு விதிவிலக்குகள் இருந்தன. 1913-இல் பிறந்த தனிநாயகம் அடிகள், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும்போதே லண்டனுக்குப் போய், 1957-இல் பழந்தமிழ் இலக்கியத்தின் கல்விச் சிந்தனை குறித்த ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார். 1932-இல் பிறந்த கார்த்திகேசு சிவத்தம்பி பர்மிங்காமில் ஆய்வை முடித்தது 1970-இல். வயது ஏறிய பிறகும் அவர்களால் படிக்க முடிந்ததற்குப் பின்னால் பல்கலைக்கழக வேலை என்கிற பிடிமானம் இருந்தது. இங்கேயும் அரசு ஊழியருக்கு அப்படியொரு பிடிமானம் உண்டு. 1972-ஆம் ஆண்டின் மத்திய விடுப்பு விதிகளின்படி, ஐந்தாண்டுப் பணி முடித்தவருக்குப் பணிக்காலம் முழுவதிலும் சேர்த்து 24 மாதம் வரை ஸ்டடி லீவ் கிடைக்கும். திரும்பிவந்து வேலை பார்ப்பேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மில்லிலும் தனியார் கம்பெனியிலும் இருந்தவர்களுக்கு அந்த வாசலும் கிடையாது.

அவர்களுக்கு இருந்தது 'கரஸ்'. 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தபால்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1979-இல் அண்ணாமலை, 1985-இல் இக்னோ, 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி என்று வரிசையாக வழிகள் திறந்தன. மில் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் குமாஸ்தாவுக்கு வாசலில் ஒரு பழுப்பு உறை காத்திருக்கும். பாடப் புத்தகத்தின் மலிவான தாள் கையில் கறுப்பாக ஒட்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு கூடத்து விளக்கில் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை காண்டாக்ட் கிளாசுக்கு பஸ் பிடிப்பார். பதவி உயர்வு, கூடவே ஒரு இன்கிரிமென்ட், அதற்குத்தான் அந்த எம்.ஏ. ஆனாலும் அந்த மனிதர்களின் படிப்பை நான் எப்போதும் மதித்தே வந்திருக்கிறேன். வகுப்புத் தோழனும் நூலகமும் இல்லாமல், சந்தேகம் கேட்க ஆசிரியரும் இல்லாமல் ஒருவர் பட்டம் வாங்குவது சாதாரண உழைப்பல்ல.

அன்று உடம்பு வேலைக்குப் போனது, படிப்பு தபாலில் வந்தது. இன்று உடம்பு படிப்புக்குப் போகிறது, வேலை கம்பி வழியாகப் பின்தொடர்கிறது. கொரோனா ஊரடங்கில் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' பழகிய பிறகுதான் இது பரவலாகக் கைகூடியது.

இந்த வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் பிரான்ஸ் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். இங்கே காலை 9 மணிக்குக் கம்பெனி மீட்டிங் தொடங்கும்போது லியோனில் இருப்பவருக்கு விடிகாலை 4.30. பக்கத்து அறையில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் தூங்குவார்கள். இவர் குரலைத் தாழ்த்தி, கேமராவை அணைத்து, போர்வையைத் தோளில் போட்டபடி அறிக்கை சொல்வார். குக்கர் விசில் எழுப்பக் கூடாது என்பதால் சாதம் முந்தின இரவே ஆகியிருக்கும். 8.30-க்கு லேப்டாப்பை மூடிவிட்டு வகுப்புக்கு ஓடினால், இந்தியக் கணக்கில் அரை நாள் வேலை முடிந்திருக்கும். வீட்டில் பிள்ளை பள்ளிவிட்டு வரும் நேரம் அங்கே உச்சிப்பொழுது. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, மாடிப்படியில் நின்றுகொண்டு, "டிபன் பாக்ஸ் காலி பண்ணியா?" என்று கேட்பார்.

உழைப்பு ஒருபுறம் இருக்க, சட்டம் வேறு. பிரான்சில் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யலாம். தினம் நாலு மணி நேரம், வாரம் ஐந்து நாள், 48 வாரம் என்று கணக்கிட்டால் 960. அரை நாள் வேலை என்றால் மட்டுமட்டாகப் பொருந்தும், முழு நாள் என்றால் பொருந்தாது. அதோடு, அங்கே உட்கார்ந்து இந்தியக் கம்பெனிக்குச் செய்யும் வேலைக்கு எந்த நாட்டுச் சமூகப் பாதுகாப்பு, எந்த நாட்டு வரி என்ற சிக்கலும் வரும். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பாடக்காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான்; வேலை கொடுப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் அங்கிருந்து செய்தால் அதுவும் கணக்கில் சேரும். கனடாவோ வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் என்று வைத்திருந்தாலும், வெளிநாட்டுக் கம்பெனிக்குச் செய்யும் தொலைவேலையை அதில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி. விதியை எழுதியவர்கள் மனத்தில் இருந்த மாணவருக்குக் குடும்பமே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2024 ஜனவரி முதல், பிரிட்டனில் வகுப்புவழி முதுகலை படிக்க வருவோரில் பெரும்பாலோர் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ கூட்டிவர முடியாது. இருபத்திரண்டு வயதுக்காரருக்கு அது ஒரு செய்தி. நாற்பது வயதுத் தாய்க்கு அது ஒரு வருடப் பிரிவு.

உழவர்கரை போன்ற பழைய பிரெஞ்சுப் பகுதிகளுக்கு இன்னொரு கோணம் உண்டு. 1956-இல் கையெழுத்தாகி 1962-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம், இங்கிருந்தோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தது. சில ஆயிரம் பேர் அப்படிச் செய்தார்கள். அதனால் இன்றும் ஒரே தெருவில், ஒரே பள்ளியில் படித்த இரு தோழிகளில் ஒருத்தி கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கும், இன்னொருத்தி கையில் இந்திய பாஸ்போர்ட். முன்னவள் அரசுப் பல்கலைக்கழக முதுகலைக்கு ஆண்டுக்குச் சுமார் 250 யூரோ கட்டுகிறாள், எத்தனை மணி நேரம் வேலை செய்தாலும் தடையில்லை. பின்னவளுக்கு, 2019-இல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருவோருக்கென்று உயர்த்திய கட்டணம். பல்கலைக்கழகம் விலக்கு தராவிட்டால் 4,000 யூரோவை நெருங்கும். கூடவே அந்த 964 மணி நேர வரம்பு. தாத்தாவோ பாட்டியோ அன்று போட்ட அல்லது போடாத ஒரு கையெழுத்து பேத்தியின் நாற்பதாவது வயதுப் படிப்பைத் தீர்மானிக்கிறது. இந்த ஊரில் இதைச் சொல்லி வருத்தப்படாத குடும்பம் குறைவு.

2030-க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்போம் என்று 2024 குடியரசு தினத்துக்கு வந்த பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்தார். அந்த எண்ணிக்கையில் வேலையும் வீடும் உள்ளவர்களுக்கும் இடம் வேண்டும்.

அதுவரை, கேட்க வருபவர்களிடம் நான் சொல்வது இதுதான். மேனேஜர் வாய்மொழியாகத் தலையாட்டியதை நம்பிக் கிளம்ப வேண்டாம். எந்த நாட்டிலிருந்து, வாரம் எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளத்துக்கு என்று எச்.ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். முழு நேரத்தை அரை நேரமாக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். விசா நிபந்தனையைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் காட்டி, இந்த வேலை செய்யலாமா என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு டிக்கெட் போடுங்கள்.