வலி வந்த நேரம் பக்கத்தில் யார்?

பசு கன்று ஈனும் இரவில் எமது ஆட்கள் நித்திரை கொள்வதில்லை. லாந்தரைக் கொளுத்தி வைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டில் வாசலில் ஒருவர் காவலிருப்பார். நாய் குரைத்தால் துரத்துவார். புது ஆட்களைக் கிட்ட விடமாட்டார். பசு மிரண்டால் ஈனுவது தாமதமாகும் என்பதை அவருக்கு யாரும் படிப்பித்ததில்லை, அனுபவத்திலே தெரியும். வாயில்லாச் சீவனுக்கு இவ்வளவு பார்க்கும் நாங்கள், எங்கள் பெண்பிள்ளைகளுக்குப் பேறுகாலத்தில் யார் துணை என்பதை எத்தனை வீடுகளில் முன்கூட்டியே யோசித்து வைக்கிறோம்?

ஊரில் இருந்த காலத்தில் இதை யோசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்குப் போவது வழக்கம். அம்மா இருப்பா, அம்மம்மா இருப்பா, பெரியம்மா ஒழுங்கை முனையில் இருப்பா. வேலிப் பொட்டுக்குள்ளால் கூப்பிட்டால் மாமி வந்துவிடுவா. இடம்பெயர்வு எங்களிடமிருந்து வீட்டையும் வயலையும் மாத்திரம் பறிக்கவில்லை, இந்த மனிதரையும் சிதறடித்துவிட்டது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நடந்தவர்களில் நிறைமாதக் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் தறப்பாள் கூடாரங்களில் இருந்தவர்களிலும் இருந்தார்கள். வெள்ளமும் புயலும் வந்து பாடசாலைக் கட்டடங்களில் தங்கும் குடும்பங்களிலும் எப்போதும் யாராவது ஒருத்தி வயிற்றுப் பிள்ளையோடு இருப்பாள். தாய் ஒரு மாவட்டத்தில், மாமி இன்னொரு மாவட்டத்தில், புருஷன் கூலி வேலைக்கு வேறெங்கோ.

எமக்குத் தெரிந்த ஒரு முகாமில் நடந்ததைச் சொல்கிறோம். இளம் தாய், தலைப்பிள்ளை. கணவன் அருவி வெட்டுக்குப் போயிருந்த நேரம், பின்னேரம் போல வலி தொடங்கியது. அயலார் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, இருட்டுமுன் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன. விடியும் வரை அவள் தனியே கிடந்தாள். வாட்டில் தாதியர் இருந்தார்கள், ஆனால் ஒருவர் பல கட்டில்களைப் பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளை சுகமாகப் பிறந்தது. பிறகு எங்களுடன் கதைத்தபோது அவள் சொன்னது: "நோவைத் தாங்கிக்கொண்டன். ஆரும் கையைப் பிடிக்க இருக்கேல்லை எண்டதுதான் இன்னும் மறக்கேலாமக் கிடக்கு."

அவளுடைய கொட்டிலுக்கு அடுத்த கொட்டிலில் நான்கு பிள்ளை பெற்ற ஒரு அம்மா இருந்தா. அன்று அவவை யாரும் கூப்பிடவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

பேறுகாலத்தில் கூட இருக்கும் பெண்ணுக்கு இப்போது உலகில் 'டூலா' என்று ஒரு பெயர் வழங்குகிறது. கிரேக்கச் சொல், பணிப்பெண் என்று அர்த்தம். அமெரிக்க மானிடவியலாளர் டானா ரபாயேல் 1973இல் வெளிவந்த தமது நூலில், பிள்ளை பெற்றவளுக்குப் பாலூட்டப் பக்கத்துணையாக நிற்கும் பெண்ணை இந்தப் பெயரால் குறிப்பிட்டார். பிறகு அது பிரசவத் துணைக்கும் பெயராயிற்று. சில நாடுகளில் இது சம்பளத்துக்குச் செய்யும் தொழில். எங்களுக்குப் பெயரும் முக்கியமல்ல, சம்பளமும் முக்கியமல்ல. டூலா மருத்துவிச்சி அல்ல என்பதுதான் முக்கியம். பிள்ளையை எடுப்பது அவள் வேலையல்ல. தாயைப் பார்ப்பது அவள் வேலை.

இதனால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்கலாம். கௌதமாலா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் கென்னல், கிளவுஸ் என்ற வைத்தியர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் பார்த்த ஆய்வு 1980இல் வெளிவந்தது. தனியே வந்த தாய்மாரில் ஒரு பகுதியினருடன் மாத்திரம் ஒரு பெண்ணை இருக்க விட்டார்கள். அந்தப் பெண் தாய்க்குச் சொந்தமும் அல்ல, முன்பின் தெரிந்தவளும் அல்ல, மருத்துவம் படித்தவளும் அல்ல. முதுகைத் தடவினாள், கையைப் பிடித்தாள், கதைத்தாள். அவ்வளவுதான். சிக்கலின்றிப் பெற்ற தாய்மாரை ஒப்பிட்டபோது, துணை இருந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்கச் சராசரியாக சுமார் 9 மணித்தியாலமும், தனியே இருந்தவர்களுக்கு சுமார் 19 மணித்தியாலமும் சென்றன. அது சிறிய ஆய்வு. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் வித்தியாசம் இவ்வளவு இல்லை. 17 நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட தாய்மாரைப் பற்றிய ஆய்வுகளை 2017இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, துணை இருந்தால் வலி நேரம் சராசரியாக 40 நிமிடமளவு குறைவதும், சிசேரியன் செய்யும் தேவை குறைவதும், பேற்றைப் பற்றிய கசப்பான நினைவு குறைவதும் தெரிந்தன. 2018இல் உலக சுகாதார ஸ்தாபனம், ஒவ்வொரு தாய்க்கும் அவள் விரும்பும் ஒருவர் பேறுகாலம் முழுவதும் கூட இருக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது.

காரணம் விளங்காத ஒன்றல்ல. பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. அது கருப்பை சுருங்கி விரிவதை மந்தப்படுத்தும். மனம் ஆறினால் ஒக்சிடோசின் நன்றாகச் சுரந்து வலி முறையாக வரும். மாட்டுக் கொட்டில் வாசலில் நாயைத் துரத்துபவருக்கும் இதுதான் தெரிந்திருக்கிறது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். துணை கிடைத்துவிட்டது என்று பிள்ளையைக் கொட்டிலிலே பெறச் சொல்ல நாங்கள் வரவில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலம் முதல், மருத்துவிச்சிமார் வீடு வீடாக நடந்து எங்கள் தாய்மாரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இன்று இலங்கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. பேற்றில் தாய் சாவது எங்கள் பாட்டிமார் காலத்தில் சாதாரணச் செய்தி. இப்போது அது அபூர்வம். ஆஸ்பத்திரிக்குப் போனதால் உயிர் தப்பியது, ஆனால் கூட இருந்த மனிதர் வாசலிலே நின்றுவிட்டார். இரண்டும் வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

சரி, துணைக்கு வருபவர் என்ன செய்வார்? முதலாவது, வலி வருமுன்னரே தாயோடு பழகிக்கொள்வார். கிளினிக் நாட்களில் கூடப் போவார். இடம் மாறி வந்த குடும்பமென்றால், தற்போது தங்கியிருக்கும் பகுதிக்குரிய குடும்பநல உத்தியோகத்தரிடம் கர்ப்பிணி அட்டையைக் காட்டிப் பதிவு செய்தாயிற்றா என்று பார்ப்பார். நிரந்தர விலாசம் வேறு மாவட்டம் என்று பேசாமல் இருந்துவிடக் கூடாது. நீங்கள் இங்கே இருப்பது தெரிந்தால்தானே அவர் உங்களைத் தேடி வருவார்! திரிபோஷாவும் சத்து மாத்திரையும் மாமிக்கும் மச்சாளுக்கும் பங்கு போகாமல் கர்ப்பிணியின் வாய்க்கே போகிறதா என்று பார்ப்பதும் இந்த அம்மாவின் வேலைதான்.

வலி தொடங்கிய பின் அவர் செய்வதெல்லாம் எளிய காரியங்கள். தாயை நடக்க விடுவார். படுக்க விரும்பினால் இடப்பக்கம் சரித்துப் படுக்க வைப்பார். வலி ஏறும்போது நாரிக்குக் கீழே உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார். இந்த ஒன்றே பல தாய்மாருக்குப் பெரிய ஆறுதல். ஆஸ்பத்திரியில் தடை சொல்லாவிட்டால் இடையிடையே மிடறு மிடறாகத் தண்ணீர் கொடுப்பார். ஈரத்துணியால் முகத்தைத் துடைப்பார். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடச் சொல்லித் தாமும் கூடச் சேர்ந்து விடுவார். கத்தினால் "வாயை மூடு" என்று அதட்டமாட்டார். தமது பேற்றில் பட்ட பாட்டையும், மாண்டுபோன யாருடைய கதையையும் அந்த நேரத்தில் எடுக்கமாட்டார். இதை வேண்டுமென்றே எழுதுகிறோம், எங்கள் பெண்களிடம் இந்தப் பழக்கம் நிறைய உண்டு. "நான் இஞ்சைதான் இருக்கிறன் பிள்ளை, ஒரு இடமும் போகமாட்டன்" என்ற ஒரு வார்த்தை போதும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. வயிற்றை அமுக்கித் தள்ளக் கூடாது. உள்ளே கையிட்டுப் பார்க்கக் கூடாது. வலி வரட்டும் என்று ஆமணக்கெண்ணெயோ கசாயமோ பருக்கக் கூடாது. முக்கச் சொல்லும் நேரத்தை மருத்துவிச்சிதான் சொல்வார்.

கர்ப்ப காலத்தில் இரத்தம் போனால், தண்ணீர்க்குடம் உடைந்தால், கடும் தலையிடியோடு கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், வலிப்பு வந்தால், காய்ச்சல் காய்ந்தால், மூச்சு முட்டினால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் பணமின்றி வரும். முகாமின் பெயரையும், பிரதான வீதியில் எந்தச் சந்தியில் திரும்புவது என்பதையும் ஒரு கடதாசியில் எழுதிக் கர்ப்பிணி அட்டையோடு வைத்தால், பதற்றத்தில் வாய் குழறினாலும் மற்றவர் வாசித்துச் சொல்லலாம்.

ஆஸ்பத்திரிக்குள் துணையை விடுவார்களா? பெண் துணை ஒருவர் இருப்பதை எமது சுகாதார அமைச்சு ஆதரிக்கிறது. ஆனால் நடைமுறை இடத்துக்கு இடம் வேறுபடும். பல தாய்மாருக்கு ஒரே பிரசவ அறை என்றால் ஆண்களை விடுவது கடினம், சில இடங்களில் பெண்களையும் தடுப்பார்கள். வலியோடு போய் வாசலில் வாதாடாமல், ஏழாம் எட்டாம் மாதத்திலேயே கிளினிக்கில் பணிவாகக் கேட்டு வையுங்கள். உள்ளே விடாவிட்டாலும், சேர்க்கும் வரை கூட இருப்பதும், பிள்ளை பிறந்தவுடன் வாட்டில் பக்கத்தில் இருப்பதும் சின்ன உதவியல்ல. முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளையை மார்பில் போட்டுச் சீம்பாலைக் கொடுக்கத் தெம்பு சொல்ல ஒருவர் வேண்டும்.

கணவன்மாருக்கு வேலையில்லை என்று நினைக்க வேண்டாம். வலி தொடங்கி வீட்டில் இருக்கும் நேரத்தில் நாரி தேய்க்க அவருடைய கை நல்ல பலமான கை. மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பது, ஓட்டோவுக்குச் சொல்லி வைப்பது, தேவைப்பட்டால் இரத்தம் கொடுக்க ஆளைத் தேடுவது எல்லாம் அவர் பொறுப்பு.

தமிழ் தெரியாத உத்தியோகத்தர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், கொஞ்சம் சிங்களம் தெரிந்தவரைத் துணையாக அனுப்புவது நல்லது. முடியாவிட்டால் சில சொற்களையாவது பழகிக்கொள்ளுங்கள். 'ரிதெனவா' என்றால் நோகிறது, 'லே யனவா' என்றால் இரத்தம் போகிறது, 'வத்துர' என்றால் தண்ணீர்.

இனி, சொல்லாமல் விட்ட காரணத்துக்கு வருவோம். அடுத்த கொட்டில் அம்மாவை ஏன் கூப்பிடவில்லை? அவ விதவை. நல்ல காரியத்துக்கு முன்னுக்கு வரக் கூடாதவ என்று எல்லோரும் நினைத்தார்கள், அவவும் அப்படியே நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தா. யுத்தத்துக்குப் பிறகு எங்கள் ஊர்களில் எத்தனை விதவைகள்! அவர்களை எல்லாம் ஒதுக்கினால் அனுபவமுள்ள கைகள் எங்கிருந்து வரும்?

துணை பெறும் பக்கத்திலும் இப்படித்தான். கலியாணமாகாமல் கர்ப்பமான பெண்பிள்ளைக்கு ஒருவரும் கூடப் போவதில்லை. வெட்கத்தில் அவள் கிளினிக்குக்கும் போகாமல் மறைந்திருப்பாள், அதனால் ஆபத்து இரட்டிப்பாகும். காது கேளாத தாய்க்கு மருத்துவிச்சி சொல்வதைக் கையால் காட்ட ஒருவர் வேண்டும். கால் இழந்த தாய்க்குக் கட்டிலில் ஏறி இறங்க ஒருவர் வேண்டும். வேறு சமயம், வேறு குலம் என்று ஒதுங்கி நிற்கும் குடும்பமும் அதே கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுகிறது. பிள்ளை இறந்து பிறந்த தாயை மறந்துவிடுகிறோம். அவளுக்கும் பால் கட்டும், உடம்பு நோகும், பக்கத்துக் கட்டிலில் பிள்ளை அழும் சத்தம் கேட்கும். "அடுத்தது பிறக்கும்" என்று சொல்லாமல் பேசாமல் பக்கத்தில் இருந்து அழ விடுவதுதான் அவளுக்குச் செய்யும் துணை.

வீடு திரும்பிய பிறகும் வேலை உண்டு. பத்தியச் சரக்கு அரைப்பதைவிடத் தண்ணீர் அள்ளிக் கொடுப்பதும், மூத்த பிள்ளைகளுக்குச் சோறு போடுவதும் இடம்பெயர்ந்த தாய்க்குப் பெரிய உதவி. வைக்கும் துணி ஒரு மணித்தியாலத்துக்குள் நனைந்து ஊறினால் உடனே ஆஸ்பத்திரி. இரண்டு கிழமைக்கு மேலாகத் தாய் பிள்ளையைப் பாராமல், நித்திரையின்றி, அழுதபடி இருந்தால் அது பேய் பிசாசு அல்ல, வருத்தம். மருந்தும் ஆறுதலும் உள்ள வருத்தம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தன்னையோ பிள்ளையையோ மாய்ப்பதுபோல் கதைத்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம், தனியே விடவும் வேண்டாம்.

அந்த இளம் தாய்க்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்தபோது, ஆறாம் மாதமே அவள் அடுத்த கொட்டிலுக்குப் போய் அந்த அம்மாவைக் கேட்டாள். அவ முதலில் மறுத்தா. "நான் வந்து உனக்கு ஏதும் நடந்தால் ஊர் என்னைத்தான் சொல்லும்" என்றா. மூன்று தரம் கேட்ட பிறகே சம்மதித்தா. கிளினிக்கில் முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தபடியால் வாசலில் தடை இருக்கவில்லை. பெயர் பதிந்த தாதி, "பிள்ளைக்கு நீங்கள் என்ன முறை?" என்று கேட்டாராம்.

"பக்கத்துக் கொட்டில்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனா.