முகத்தின் நெய்யும் பருவும்

மாந்த உடலில் உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக ஏறத்தாழ எல்லா இடங்களிலும் தோலுக்கடியில் நெய்ச்சுரப்பிகள் உள்ளன. எனினும் அவை எங்கும் ஒரே அடர்த்தியில் அமையவில்லை. முகத்திலும் தலையிலும் ஒரு சதுரச் சென்டிமீட்டர் பரப்பில் 400 முதல் 900 வரை செறிந்திருக்கும் சுரப்பிகள், கைகால்களில் அதன் சிறு பங்கே காணப்படும். நெற்றியும் மூக்கும் தாடையும் நண்பகலுக்குள் மினுங்கத் தொடங்குவதற்கும், பரு பெரும்பாலும் முகத்தையே நாடுவதற்கும் இவ்வடர்த்தி ஓர் அடிப்படைக் காரணம். அம்மினுக்கத்தை அழுக்கென்று கருதித் தேய்த்துக் கழுவுவதும், பரு வந்த பிள்ளையை முகத்தைச் சரியாகக் கழுவாதவர் என்று ஏசுவதும் நம் வீடுகளில் நெடுநாளாக நடந்துவருகின்றன. இரண்டும் பிழை. தோலின் நெய் உடலின் உள்ளிருந்து ஆளப்படும் சுரப்பு. மேலிருந்து கடுமை காட்டி அதனை அடக்க முனைவோர் பெரும்பாலும் பருவைப் பெருக்கிக்கொள்கின்றனர்.

சுரப்பியின் தொழில்

நெய்ச்சுரப்பி மயிர்க்காலின் பக்கத்தே ஒட்டியிருக்கும். அதன் சுரப்புமுறை தனித்தன்மை உடையது. வியர்வைச் சுரப்பியின் உயிரணு நீரை வெளியே விட்டுத் தான் பிழைத்திருக்கும். நெய்ச்சுரப்பியின் உயிரணுவோ தன்னையே நெய்யாக்கி மாளும். சுரப்பியின் ஓரத்தில் பிறக்கும் அணு, நடுப்பகுதியை நோக்கி நகரநகரக் கொழுப்பை நிரப்பிக்கொண்டு பருக்கும். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அது வெடித்துச் சிதைந்து, தன் உள்ளடக்கம் முழுவதையும் மயிர்க்கால் குழலுக்குள் கொட்டிவிடும். முக்கொழுப்பும் மெழுகும் ஸ்குவாலீனும் கலந்த அந்தப் பசையே நாம் முகத்தில் காணும் எண்ணெய். தோலுக்கு மென்மை தருவதும், வைட்டமின் ஈயை மேற்பரப்புக்குக் கொண்டு சேர்ப்பதும் அதன் பணிகள்.

இச்சுரப்பியை இயக்குபவை ஆண்மை இயக்குநீர்கள். அவை பெண்ணுடலிலும் உண்டு. கருவிலே பெற்ற தூண்டுதலால் பிறந்த குழந்தையின் நெய்ச்சுரப்பிகள் பருத்திருக்கும். சில மாதங்களில் சுருங்கும். ஏழெட்டு வயதில் அண்ணீரகச் சுரப்பி விழித்தெழும்போது மீண்டும் இயங்கத் தொடங்கி, பருவ வயதில் பெருகும். அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1941ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. பருவமடையுமுன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்குப் பரு வரவில்லை என்று அவர் கண்டார். அத்தகையோர்க்கு ஆண்மை இயக்குநீரைச் செலுத்தியபின் பரு தோன்றியதையும் கண்டார். குருதியில் அந்நீர் இயல்பான அளவிலேயே இருப்போர்க்கும் முகத்தில் எண்ணெய் வழியலாம். தோலே அதனை வீறுமிக்க வடிவமாக மாற்றிக்கொள்ள வல்லது. அவ்வல்லமையும் அதற்குச் சுரப்பி காட்டும் எதிர்வினையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். பெரும்பாலும் குடிவழியாக வரும்.

வெப்பத்துக்கும் இதில் பங்குண்டு. தோலின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் நெய் வெளிப்பாடு ஏறத்தாழ 10 விழுக்காடு மிகும் என்று 1970இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் அளந்து கூறினர். சித்திரை வெயிலில் அலைந்து வீடு திரும்புவோரின் முகம் மார்கழியைவிட மினுங்குவது இயற்கையே.

பரு பிறக்கும் முறை

எண்ணெய் மட்டும் பருவை உண்டாக்குவதில்லை. மயிர்க்கால் குழலின் உட்சுவரில் உதிரும் தோலணுக்கள் தனித்தனியே வெளியேற வேண்டும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது குழல் தூர்ந்த வாய்க்கால் போல் அடைபடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்நுண்ணடைப்பே பருவின் வித்து. குழலின் வாய் மூடியிருந்தால் வெண்புள்ளி, திறந்திருந்தால் கரும்புள்ளி. கரும்புள்ளியின் கருமைக்குக் காரணம் தோலின் நிறமியும் காற்றுப்பட்டு மாறிய கொழுப்பும் ஆகும். தெருப்புழுதிக்கு அதில் பங்கில்லை. எனவே எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அது வெளுப்பதில்லை.

அடைபட்ட குழலுக்குள் எண்ணெய் தேங்கும், காற்று குறையும். அச்சூழலை விரும்பும் நுண்ணுயிர் ஒன்று எல்லார் தோலிலும் இயல்பாகவே குடியிருக்கிறது. புரோபியானிபாக்டீரியம் ஆக்னிஸ் என்று வழங்கி, 2016 முதல் குட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்று பெயர் மாறிய உயிர் அது. முக்கொழுப்பைச் சிதைத்து அது வாழும்போது உடலின் காப்புப்படை அதனை எதிர்த்தெழுகிறது. சிவப்பும் வீக்கமும் சீழும் அப்போரின் விளைவுகள். குழலின் சுவர் உடைந்து உள்ளடக்கம் ஆழத்தில் சிந்தினால் வலிமிகுந்த கட்டி தோன்றும். ஆறியபின் தழும்பு நிற்கும். நகத்தால் பருவைப் பிதுக்குவோர் பல நேரங்களில் சீழை வெளியேற்றுவதை விட இச்சுவரை உள்நோக்கி உடைப்பதே மிகுதி.

நுண்ணடைப்பு கண்ணுக்குத் தெரியும் பருவாக வளர வாரங்கள் பல ஆகும். இன்று கண்ணாடியில் காணும் பருவின் தொடக்கம் ஒன்றிரண்டு திங்களுக்கு முந்தியது. ஆகவே நேற்று உண்ட வடையின்மேல் அப்பழியைப் போட வழியில்லை. நேற்றுப் பூசிய மருந்தை இன்று குறைகூறவும் நியாயமில்லை. எந்த மருந்தையும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பயன்படுத்திய பிறகே அதன் தகுதியை மதிப்பிட வேண்டும்.

கழுவுதலும் பூசுதலும்

நலமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. அதன் அமிலக் குறியீடு (pH) ஏறத்தாழ 5. வழக்கமான சோப்புக்கட்டியின் குறியீடு 9 முதல் 10 வரை. அடிக்கடி சோப்பிட்டால் தோலின் தடுப்படுக்கு குலைந்து எரிச்சலும் வறட்சியும் வரும். முகத்தை மிகுதியாகக் கழுவினால் சுரப்பி சினந்து மேலும் எண்ணெய் சுரக்கும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. அதற்கு அடிப்படையில்லை, மேலே நெய் இருக்கிறதா இல்லையா என்பது சுரப்பிக்குத் தெரியாது. தீங்கு நேர்வது தோலுக்கே. காலையும் இரவும் மென்மையான முகக்கழுவியால் ஒவ்வொரு முறை கழுவி, மிகுந்து வியர்த்தபோது வெறுநீரால் அலம்பினால் போதும். நைசாக அரைத்துச் சலித்த பயற்றமாவும் இப்பணிக்கு உதவும். கொரகொரப்பாக அரைத்ததை வீங்கிய பருவின்மேல் தேய்க்கலாகாது.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசும் வழக்கம் கைவிடத்தக்கது. அதன் கடும் அமிலம் தோலைப் புண்ணாக்கும். பூசியபின் வெயில் பட்டால் தீப்புண் போலக் கொப்புளமும் கருந்தழும்பும் வரக்கூடும். பற்பசை பூசுவதும் எரிச்சலையே தரும். தலைக்கு எண்ணெய் வைப்போர் நெற்றியோரத்தைக் கவனிக்க வேண்டும். தலையில் பூசும் எண்ணெய்ப் பசைகள் வழிந்து நெற்றியிலும் கன்னப்பொறியிலும் சிறுபருக்களை எழுப்பும் என்பது 1970இலேயே மருத்துவ இதழில் பதிவாயிற்று. இரவெல்லாம் தேங்காயெண்ணெய் ஊறிய தலையணை உறையில் கன்னத்தை வைத்துத் துயில்வோர்க்கும் இது பொருந்தும். எண்ணெயைக் குளிக்குமுன் தேய்த்து அலசிவிடுவதும், உறையை அடிக்கடி மாற்றுவதும் எளிய தீர்வுகள்.

மருந்துகளில் நன்கு ஆராயப்பட்டவை மூன்று. கொழுப்பில் கரையும் சாலிசிலிக் அமிலம் குழலுக்குள் புகுந்து அடைப்பைத் தளர்த்தும். 2 விழுக்காடு வரையுள்ள கழுவியும் பூச்சும் கடைகளில் கிடைக்கின்றன. பென்சாயில் பெராக்சைடு நுண்ணுயிரைக் கொல்லும். அதற்கு எதிராக நுண்ணுயிர் வலுப்பெறுவதில்லை என்பது அதன் சிறப்பு. 2.5 விழுக்காட்டுக் களிம்பின் பயன் 10 விழுக்காட்டுக் களிம்புக்கு ஏறத்தாழ நிகர், எரிச்சலோ குறைவு. துண்டையும் தலையணை உறையையும் அது வெளுத்துவிடும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. மூன்றாவது அடபலீன், டிரெட்டினாயின் முதலிய ரெட்டினாய்டுகள். நுண்ணடைப்பையே தடுப்பதால் இவை பரு மருத்துவத்தின் அடித்தளம். இரவில் பட்டாணியளவு எடுத்து முகம் முழுதும் மெல்லப் பூச வேண்டும். தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். கருவுற்றோர் தவிர்க்க வேண்டும். இம்மருந்துகள் தோலை உலர்த்துவதால், எண்ணெய்த் தோலுக்கும் எண்ணெயில்லாத ஈரப்பூச்சு தேவை. பகலில் வெயில்காப்புப் பூச்சும் தேவை. நம் மாநிறத் தோலில் பரு ஆறியபின் நிற்கும் கருங்கறையை வெயில் மேலும் அழுத்தமாக்கும்.

உணவின் பங்கு

பருவுக்கும் உணவுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. அதற்கு வலுவூட்டியது 1969ஆம் ஆண்டின் சாக்லேட் ஆய்வு. 65 பேரிடம் நடந்த அச்சோதனையில், சாக்லேட் உண்டோர்க்கும் சாக்லேட் அற்ற கட்டியை உண்டோர்க்கும் வேறுபாடில்லை என்று முடிவு கூறப்பட்டது. ஆனால் ஒப்பீட்டுக்குத் தந்த அக்கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் நிறைந்திருந்தன. இரண்டும் ஒன்றுபோல் கேடு செய்திருந்தாலும் அச்சோதனை அதைக் காட்டியிராது.

2002இல் எண்ணம் மாறத் தொடங்கியது. பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த கிட்டாவா தீவில் 1200 பேரை ஆராய்ந்தபோது ஒருவர் முகத்திலும் பரு இல்லை. அவர்தம் உணவு கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும். தேங்காயைத் தாராளமாக உண்போரிடமும் பரு இல்லை என்பதால், எண்ணெய் உண்பதே முகத்தில் எண்ணெயாக வழிகிறது என்னும் கருத்து நிலைக்கவில்லை. குடிவழிப் பண்பும் காரணமாக இருக்கலாம் என்ற ஐயத்துக்கு இடமிருந்தது. 2007இல் ஆத்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையுள்ள 43 ஆண்களிடம் பன்னிரண்டு வாரச் சோதனை நடந்தது. குருதிச் சர்க்கரையை மெல்ல உயர்த்தும் உணவை உண்டோர்க்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. அவர்களின் எடையும் குறைந்ததால், பயன் எதனால் விளைந்தது என்று முழுதும் பிரித்தறிய இயலவில்லை.

உணவு பருவைத் தூண்டும் உள்வழி இவ்வாறு விளக்கப்படுகிறது. சர்க்கரை குருதியில் விரைந்தேறினால் இன்சுலின் பெருகும்; அதனை ஒத்த வளர்ச்சிக் காரணியும் பெருகும்; இரண்டும் நெய்ச்சுரப்பியைத் தூண்டும். பாலுக்கும் பருவுக்கும் தொடர்புண்டு என்று கண்ட ஆய்வுகளில், கொழுப்பு நீக்கிய பாலிலும் அத்தொடர்பு தென்பட்டது. உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர் அருந்தும் பால்புரத மாவால் பரு வெடித்த நேர்வுகளும் மருத்துவ இதழ்களில் உள்ளன.

நம் தட்டுக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால், சோற்றைத் துறக்கத் தேவையில்லை. தட்டில் தீட்டிய அரிசியின் பங்கைக் குறைத்துப் பருப்பு, சுண்டல், கீரை, காய், மீன், முட்டை ஆகியவற்றின் பங்கைக் கூட்டலாம். நாளொன்றுக்கு நான்கைந்து முறை அருந்தும் சர்க்கரையிட்ட தேநீரையும், புட்டியிலடைத்த குளிர்பானத்தையும் முதலில் குறைக்கலாம். உணவு மாற்றம் மருந்துக்குத் துணை. மருந்தின் இடத்தை அது நிரப்பாது.

அழகு நிலையத்தின் நாற்காலியில்

ஃபேஷியல் என்பது ஒரே செயலன்று. தூய்மை செய்தல், துகள்பசையால் தேய்த்தல், ஆவி பிடித்தல், கரும்புள்ளி எடுத்தல், களிம்பிட்டு நெடுநேரம் நீவுதல், பூச்சுப் போடுதல் என்று அது தொடரும். எண்ணெய்த் தோலுக்கு இவற்றுள் தீமை மிக்கவை தேய்த்தலும் நீவுதலும். எண்ணெய்ப்பசையுள்ள களிம்பை அழுத்தி நீவும்போது அடைபட்ட குழல்கள் உள்ளே உடைய இடமுண்டு. தில்லி மருத்துவர்கள், ஃபேஷியல் செய்துகொண்ட 142 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்குப் பின்னர் பரு போன்ற கொப்புளங்கள் எழுந்தன. சில வாரம் கழித்து வருவதால், ஃபேஷியலையும் பருவையும் இணைத்துப் பார்ப்பவர் சிலரே. மணநாளுக்கு முந்திய வாரத்தில் முதன்முறையாக ஃபேஷியல் செய்துகொள்வது எவ்வகையிலும் அறிவுடைமையாகாது.

பயனுள்ள முறைகளும் உண்டு. தோல் மருத்துவர் தூய கருவியால் கரும்புள்ளியை எடுப்பது ஒன்று. 20 முதல் 30 விழுக்காட்டுச் சாலிசிலிக் அமிலத்தால் மேற்றோலை மெல்ல உரிப்பது மற்றொன்று. பின்னது மாநிறத் தோலில் கறை விழாதபடி பயிற்சி பெற்றோர் கையாளத்தக்கது. முல்தானி மட்டிப் பூச்சு மேலுள்ள எண்ணெயைச் சில மணிநேரம் உறிஞ்சி வைக்கும். சுரப்பியை அது தொடுவதில்லை.

இவையனைத்திலும் கொடியது, சிவப்பழகு தரும் என்று தோழியரும் கடைக்காரரும் பரிந்துரைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பூசிய முதல் வாரத்தில் முகம் தெளியும். பிறகு தோல் மெலியும், சிவக்கும், முடி முளைக்கும், பரு முன்னிலும் மிகுந்து வெடிக்கும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மீண்டும் அதையே நாட நேரும். இக்கேட்டைத் தடுக்க, இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று இந்திய அரசு 2018இல் விதித்தது.

பன்னிரண்டு வாரத்தில் குறையாத பரு, வலிக்கும் ஆழ்கட்டி, தழும்பு விடும் பரு, மாதவிலக்குத் தவறுவதோடும் முகத்தில் முடி மிகுவதோடும் சேர்ந்து வரும் பரு ஆகியவை தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டியவை. கடைசியில் கூறியது சினைப்பை நீர்க்கட்டியின் அறிகுறியாகவும் இருக்கலாம். கடும் பருவுக்கு 1982 முதல் வழங்கிவரும் ஐசோடிரெட்டினாயின் மாத்திரை நெய்ச்சுரப்பியையே சுருக்க வல்லது. கருவிலுள்ள குழந்தையை அது கடுமையாகச் சிதைக்கும் ஆதலால், மருத்துவரின் நேர்க்கண்காணிப்பின்றி அதனைத் தொடவே கூடாது.

எண்ணெய்த் தோல் உடையோர்க்கு நாம் கூறத்தக்கது இவ்வளவே: மென்மையாகக் கழுவுங்கள், ஆராயப்பட்ட ஒரு மருந்தை மூன்று திங்கள் விடாது பூசுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள், பருவைத் தேய்க்கவும் பிதுக்கவும் யாருக்கும் இடம் கொடாதீர்கள். பெற்றோரே, பரு வந்த பிள்ளையை ஏசுவதை விடுத்து, தழும்பு விழுமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.