பளு தூக்க எந்தக் காலணி?

ஓட்டக் காலணியோடு பளு தூக்கலாமா? அதன் அடியிலுள்ள மென்மையான நுரை, ஓடும்போது தரையில் பாதம் மோதும் அதிர்ச்சியைக் குறைக்கும். ஆனால், தோளில் பளுவைச் சுமந்து குந்தி எழும்போது அந்த நுரை சீரின்றி அமுங்கும், பாதம் ஆடும், சமநிலை குலையும்.

பளுதூக்குவோரின் காலணியில் அடிப்பகுதி கெட்டியானது. குதிகால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். இதனால் கணுக்கால் அதிகம் மடங்காதவர்களும் முதுகை நிமிர்த்தியபடி ஆழமாகக் குந்தலாம்.

உங்களுக்கு எது தேவை? பளு இல்லாமல், வெறுங்காலில் குந்திப் பாருங்கள். குதிகால் தரையைவிட்டு எழுகிறதா? அப்படியானால் உயர்ந்த குதிகால் உதவும். எழவில்லையா? தட்டையான, கெட்டியான அடிப்பகுதி கொண்ட கான்வாஸ் காலணியே தொடக்கத்திற்குப் போதும். விலையைப் பார்க்குமுன் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள்!