தலையில் வரும் படகு

ஒகேனக்கல்லில் வேலை முடிந்ததும் பரிசல்காரர் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் போட்டுக்கொண்டு நடப்பார். பின்னாலிருந்து பார்த்தால் ஆமை ஒன்று எழுந்து நடப்பதுபோல இருக்கும். திருநின்றவூர் ஏரிக்கரையில் நின்றபோது எனக்கு அந்த ஆமைதான் நினைவுக்கு வந்தது. ஏரியில் படகு விடும் பூங்கா என்றாலே நமக்கு சிமென்ட் மேடை, மிதி படகு, டிக்கெட் கவுன்ட்டர். தூக்கிவந்து இறக்கும் சிறு படகுக்கோ நல்ல இறக்கம் ஒன்று போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மீட்டர் விட்டமுள்ள பரிசலின் அடிப்பரப்பு ஏறத்தாழ 3.14 சதுர மீட்டர். அது நீரில் 1 செ.மீ. அமிழ்ந்தால் விலகும் நீர் 31 லிட்டர். அதாவது 31 கிலோ எடையைத் தாங்கும். பரிசல் 40 கிலோ, நான்கு பேர் 240 கிலோ என்றால் அமிழ்வது வெறும் 9 செ.மீ.! கணுக்கால் அளவு தண்ணீரிலேயே மிதந்துவிடும். ஆர்க்கிமிடீஸ் விதியின் தயவு.

அப்படியானால் படித்துறை போதாதா? போதாது. படியின் விளிம்பு படகின் அடியைக் கிழிக்கும். தவிர, நம் ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றுபவை. பத்துக்கு ஒன்று சரிவுள்ள கரையில் நீர்மட்டம் 2 மீட்டர் இறங்கினால் தண்ணீர் 20 மீட்டர் தள்ளிப்போகும். நிலையான மேடை மே மாதத்தில் சேற்றுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். சரிவோ தண்ணீரோடு கூடவே போகும்.

அந்தச் சரிவை எங்கே அமைப்பது என்பதுதான் முக்கியம். ஏரியின் மண்கரைப் பக்கம்தான் பொதுவாக ஆழம் அதிகம்; மதகும் அங்கேதான். மதகு திறந்திருக்கும்போது நீர் உள்ளே இழுக்கும். உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழியும்போதும் அப்படியே. எதிர்ப்புறம், மழைநீர் வந்து சேரும் பக்கம், தரை மெல்லத் தாழும். படகு இறக்க அதுவே ஏற்ற இடம். திருநின்றவூரில் ராமருக்கே ‘ஏரி காத்த’ என்று பட்டம். கரையை வெட்டிப் பாதை போட்டால் அவரும் மன்னிக்க மாட்டார்!

பரிசலுக்கு முன், பின் கிடையாது. பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் சுற்றும். அதனால்தான் பரிசல்காரர் முன்புறம் அமர்ந்து நீரைத் தன் பக்கம் இழுக்கிறார். ஏறும்போது விளிம்பில் கால் வைக்காமல் நடுவில் வைத்து உடனே உட்கார்ந்துவிட வேண்டும். நின்றால் எடையின் மையம் மேலே ஏறும், படகு தடுமாறும். உயிர்காப்பு அங்கி இல்லாமல் இறங்கவே கூடாது.

தூக்கிச் செல்லும் படகால் ஒரு தொல்லையும் உண்டு. அது ஏரிக்கு ஏரி போகும். கூடவே ஆகாயத்தாமரையும் போகும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி, தண்டின் துண்டு ஒன்றிலிருந்தே முளைக்கும்; சூழல் சாதகமானால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். ஆகவே, கரையேறியதும் படகைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியுங்கள். ஒட்டியிருக்கும் இலை, வேர் எல்லாவற்றையும் பிய்த்து உலர்ந்த தரையில் போடுங்கள். படகு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த ஏரிக்குத் தூக்குங்கள்.