சட்டம் 2 பக்கம். சான்று 100 பக்கம்!
சலவைத் தொழிலாளிக்காக வாதாடிய வக்கீல்

அமெரிக்காவில் போர்ட்லண்ட் என்று ஒரு நகரம். அங்கே கர்ட் முல்லர் என்பவர் சலவைச்சாலை நடத்தி வந்தார்.

1905-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி. அங்கு வேலை பார்த்த எம்மா காட்சர் என்ற பெண்ணை, 10 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும்படி மேஸ்திரி சொன்னார்.

சலவைச்சாலையில் பெண்களை ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அந்த மாநிலத்தில் 1903-லேயே சட்டம் வந்திருந்தது. முல்லருக்கு 10 டாலர் அபராதம் போட்டார்கள்.

பத்து டாலர்தானே! கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கட்டவில்லை. "இந்தச் சட்டமே செல்லாது" என்று சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்.

அந்தத் துணிச்சலுக்குக் காரணம் இருந்தது. ரொட்டிச் சாலைத் தொழிலாளர்களுக்கு 10 மணி நேர வரம்பு வைத்த வேறொரு சட்டத்தை, அதே 1905-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்திருந்தது. வேலை நேரத்தை முதலாளியும் தொழிலாளியும் பேசி முடிவு செய்துகொள்ளலாம், அதில் சர்க்காருக்கு என்ன வேலை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

வயிற்றுப்பாட்டுக்கு வந்தவள் முதலாளியிடம் என்ன பேரம் பேச முடியும்?

கண் கெட்டும் படிப்பு

சட்டத்தைக் காப்பாற்ற ஒரு வக்கீல் வந்தார். அவர் பெயர் லூயிஸ் பிராண்டைஸ்.

1856-ல் பிறந்தவர். தகப்பனார் தானிய வியாபாரி. ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது பிராண்டைசுக்கு வயது 18. படிக்கும்போதே கண் பார்வை கெட்டது. கூடப் படித்தவர்களைப் பாடம் வாசிக்கச் சொல்லி, காதால் கேட்டே தேறினார். அதுவும் முதல் மாணவராக!

பாஸ்டன் நகரில் வக்கீல் தொழில் நன்றாக நடந்தது. கட்சிக்காரர்களில் பலர் முதலாளிகள். 1892-ல் ஹோம்ஸ்டெட் இரும்பாலை வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சண்டை நடந்து உயிர்கள் போயின. அந்தச் செய்தி அவர் மனதை மாற்றியது.

முல்லர் வழக்கில் சட்டத்துக்காக வாதாடும்படி நுகர்வோர் சங்கத்துப் பெண்கள் அவரிடம் வந்து கேட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜோசபின் கோல்ட்மார்க். பிராண்டைசின் மைத்துனி. பிராண்டைஸ் பீஸ் வாங்காமல் ஒப்புக்கொண்டார்.

நூலகத்தில் வேட்டை

"சட்டப் புத்தகம் போதாது. நீண்ட நேர வேலை உடம்பை என்ன செய்கிறது என்று காட்ட வேண்டும்" என்பது அவர் யோசனை. மைத்துனியும் துணைக்கு வந்தவர்களும் நூலகங்களில் புகுந்தார்கள். இருந்த அவகாசம் சுமார் இரண்டு வாரம்!

இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்சு என்று பல நாட்டு டாக்டர்கள், தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் எழுதிய அறிக்கைகளைத் தேடி எடுத்தார்கள். பகலெல்லாம் நின்றே வேலை செய்தால் உடம்பில் என்ன நோய் வருகிறது, அலுத்த கை எந்திரத்தில் எப்படிச் சிக்குகிறது, பிறக்கும் குழந்தை எப்படி நலிகிறது என்று எல்லாம் அவற்றில் இருந்தது.

கோர்ட்டில் கொடுத்த வாதுரை 113 பக்கம். அதில் சட்ட நுணுக்கம் பேசியது சுமார் 2 பக்கந்தான்! மற்றதெல்லாம் சான்று. இப்படி ஒரு வாதுரையை அந்தக் கோர்ட்டு பார்த்ததில்லை.

1908 பிப்ரவரி 24-ந் தேதி தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும் என்று நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். தீர்ப்பிலேயே பிராண்டைசின் பெயரையும் குறிப்பிட்டார்கள். முல்லரின் அபராதம் உறுதியாயிற்று.

ஒரு குறையும் உண்டு. பெண் பலவீனமானவள், அதனால் பாதுகாப்பு வேண்டும் என்ற எண்ணத்தின்மேல் எழுந்த தீர்ப்பு அது. பெண்ணுக்குச் சில வேலைகளை மறுக்க, பிற்காலத்தில் அதே பேச்சு பயன்பட்டது. ஆண்களுக்கோ அப்போது ஒன்றும் கிடைக்கவில்லை.

1916-ல் பிராண்டைஸ் அதே சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி ஆனார். மறு ஆண்டு, ஆலையில் வேலை செய்யும் ஆண்களுக்கும் 10 மணி நேர வரம்பு வைத்த சட்டம் அங்கே விசாரணைக்கு வந்தது. அந்தச் சட்டமும் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்புச் சொன்னவர்களில் பிராண்டைஸ் இல்லை. வக்கீலாக இருந்தபோது அந்த வழக்கில் சம்பந்தப்பட்டிருந்ததால், அவர் ஒதுங்கிக்கொண்டார்.