ஒன்றுக்கு மலை, ஒன்றுக்கு ஆற்றங்கரை

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் மத்தியானம் மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால், சிதறிய பருக்கைக்கு ஓடி வருவது முதுகில் மூன்று கோடு போட்ட சின்ன அணில். ராமர் தடவிக் கொடுத்த கோடு என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். கோடே இல்லாத, பூனை அளவு அணில்களும் நம் காடுகளில் உண்டு. அவற்றில் ஒன்று மலபார் மலை அணில். மற்றொன்று நரை அணில்.

இரண்டும் பங்காளிகள். எலியைப் போலக் கொறித்துத் தின்பவை. பகலில் மட்டுமே நடமாடும். தரையில் இறங்குவது அபூர்வம். குச்சியும் இலையும் சேர்த்து, உயரக் கிளையில் உருண்டையாகக் கூடு கட்டும்.

வேற்றுமை என்ன?

மலபார் அணிலின் முதுகு செம்பழுப்பும் கறுப்பும் கலந்தது. வயிறு வெளிர் நிறம். 2 கிலோ வரை எடை இருக்கும். நரை அணில் சற்றுச் சிறியது. அதன் சாம்பல் முடியில் வெள்ளை கலந்திருப்பதால், தலை நரைத்த பெரியவர் போலத் தோன்றும்.

மலபார் அணில் மேற்குத் தொடர்ச்சி மலை முதல் மத்திய இந்தியா வரை பரவி வாழ்கிறது. மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கும் அதுவே. நரை அணிலோ இலங்கையை விட்டால் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் சில இடங்களில்தான் உண்டு. பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், முத்தத்தி பக்கம் காவிரிக் கரையில் இருக்கிறது. ஓசூர் வனக்கோட்டத்து ஆற்றோரங்களிலும் காணலாம்.

ஆற்றங்கரை ஏன்?

கோடையில் சுற்றுக் காடு இலை உதிர்த்து மொட்டையாகிவிடும். கரையோர நீர்மருதும் புளியும்தான் பச்சையாக, கிளையோடு கிளை கோத்து நிற்கும். அந்த ஒற்றை வரிசை மரங்களே நரை அணிலுக்கு வீடும் வழியும். நடுவில் ஒரு பெரிய மரம் சாய்ந்தால், பாலம் உடைந்த ரயில் பாதை மாதிரிதான். அணில் தரையில் இறங்கியாக வேண்டும். அங்கே நாய்க்கு இரையாகும். பரந்த காடுள்ள மலபார் அணிலுக்கு வேறு வழி கிடைக்கும். இதற்குக் கிடைக்காது.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டையும் வேட்டையாடுவது குற்றம். நரை அணிலுக்காகவே 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முத்தத்திக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், அடுப்புக்குக் கிளை ஒடிக்காமல் இருந்தாலே போதும். நரைத்த பெரியவருக்கு அது பேருதவி.