விளையாடிப் படித்தால் மறக்காது

கன்னடத்தில் 'நலி' என்றால் மகிழ்ச்சி. 'கலி' என்றால் கற்றல். 1995-இல் மைசூரு மாவட்டத்தில் 'நலி கலி' கல்வி தொடங்கியது. பாட்டு, அட்டை, விளையாட்டு மூலம் பிள்ளைகள் படித்தார்கள். பிறகு அது கர்நாடகம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் சிறு வகுப்புகளுக்கு வந்தது.

பெரிய பிள்ளைகளுக்கும் தேர்வு நேரத்தில் விளையாட்டு உதவும். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது போல் தோன்றும். தேர்வில் மறந்துவிடும். புத்தகத்தை மூடி, யோசித்துச் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

பெங்களூரில் பல தமிழ்ப் பிள்ளைகள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். அவர்களுக்கு அம்மா எப்படி உதவுவார்?

பழைய காலண்டர் அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டலாம். 'மழை எப்படி உண்டாகிறது?' என்று பிள்ளை தமிழில் கேள்வி சொல்லும். அம்மா அதை அட்டையில் எழுதுவார். பின்பக்கம் பிள்ளை தன் பள்ளி மொழியில் விடை எழுதும்.

அட்டைகளைக் கலைத்துப் போட்டு, அம்மா கேள்வியைப் படிப்பார். பிள்ளை விடை சொல்லிவிட்டு, அட்டையைத் திருப்பிப் பார்க்கும். சரி என்றால் ஒரு புளியங்கொட்டை பரிசு. தவறு என்றால் அட்டை மீண்டும் கட்டுக்குள் போகும். இரண்டு நாள் விட்டு மறுபடி ஆடினால் பாடம் நன்றாகப் பதியும்.

அம்மாவுக்குக் கன்னடம் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். தமிழை எழுத்துக் கூட்டிப் படித்தால் போதும். பிள்ளையின் தேர்வுக்கு அவரும் துணை நிற்கலாம்.